கெய்ரெட்சுப் பிணைப்பின் தளர்வும் நிசான் நிறுவனத்தின் மீட்சியும் (1999–2002)

ஜப்பானின் இரண்டாவது பெரிய கார் நிறுவனமாக நெடுங்காலம் விளங்கிய நிசான், 1990களின் இறுதியில் திவாலின் விளிம்பை எட்டி, பின்னர் இரண்டே நிதியாண்டுகளில் லாபத்திற்குத் திரும்பிய வரலாறு, மேலாண்மை நூல்களில் பெரும்பாலும் கார்லோஸ் கோன் என்ற தனிமனிதரின் சாதனையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவ்வாண்டுகளின் கணக்குகளையும் கொள்முதல் முறையில் நேர்ந்த மாற்றங்களையும் சேர்த்து நோக்கும்போது, லாபத்தை முதலில் மீட்டுத் தந்தவை புதிய கார்கள் அல்ல என்பதும், அரை நூற்றாண்டாக நிறுவனத்தைத் தாங்கி நின்று பின்னர் அதற்கே சுமையாகிப்போன பங்குப் பிணைப்புகள் அவிழ்க்கப்பட்டதே மீட்சியின் அடிப்படை என்பதும் புலனாகின்றன.

யோஷிசுகே அயுகாவாவின் முயற்சியால் 1933இல் தோன்றிய நிசான், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழில்துறை முழுவதிலும் வேரூன்றிய கெய்ரெட்சு அமைப்பிற்குள் வளர்ந்தது. பெருநிறுவனமும் அதற்கு உதிரிபாகம் தருவோரும் கடன் தரும் வங்கிகளும் ஒருவர் பங்கை மற்றவர் வாங்கி வைத்துக்கொண்டு, விலையைவிட உறவின் நிலைப்பையே முதன்மையாகக் கருதும் கூட்டமைப்பே கெய்ரெட்சு எனப்படுவது. நிசானைப் பொறுத்தவரை ஜப்பான் தொழில் வங்கியும் ஃபூஜி வங்கியும் முதன்மை வங்கிகளாக இருந்தன. ஓய்வுபெறும் நிசான் அதிகாரிகள் உதிரிபாக நிறுவனங்களில் பதவியேற்பதும் வழக்கமாயிற்று. மூலதனம் அரிதாக இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு பயன் தந்தது என்பதை மறுக்க இயலாது. டொயோட்டாவும் இதே அமைப்பில்தான் வளர்ந்தது என்பதால், கெய்ரெட்சுவையே நோயின் மூலமாகக் கொள்வது பொருந்தாது; டொயோட்டா தன் உதிரிபாக நிறுவனங்களின் செலவை ஆண்டுதோறும் குறைக்கவைக்க, நிசான் அவற்றின் விலையை ஏற்றுக்கொண்டே வந்தது என்பதே வேறுபாடு.

1970களின் தொடக்கத்திலிருந்தே உள்நாட்டுச் சந்தையில் நிசானின் பங்கு தொடர்ந்து தேய்ந்துவந்தது. 1983இல் அமெரிக்காவின் ஸ்மிர்னாவிலும் 1986இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்திலும் உற்பத்தி தொடங்கியபோது ஏற்பட்ட பெருஞ்செலவும், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் சொத்துவிலைக் குமிழி உடைந்ததும் சேர்ந்து நிறுவனத்தைக் கடனில் ஆழ்த்தின. நிர்வாகம் கைகட்டி நிற்கவில்லை; ஜப்பானில் இருந்த தன் ஸாமா ஆலையில் கார் உற்பத்தியை 1995இல் நிறுத்தியது. ஆனால் 1997 நவம்பரில் யமாய்ச்சி பங்குத் தரகு நிறுவனம் சரிந்ததை அடுத்து, தாமே தத்தளித்த வங்கிகளால் பழையபடி நிசானுக்குக் கைகொடுக்க முடியவில்லை. பிணைப்பு முதலில் அறுந்தது வங்கிகளின் பக்கத்தில்தான் என்பது பல வரலாறுகளில் போதிய கவனம் பெறாத செய்தி.

நிசானின் தலைவர் யோஷிகாசு ஹனாவா அந்நிய முதலீட்டாளரைத் தேடத் தொடங்கினார். டெய்ம்லர்கிரைஸ்லர் 1999 மார்ச்சில் பேச்சுவார்த்தையிலிருந்து விலகியது. அதே மாதம் 27ஆம் தேதி ரெனால்டுடன் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சு நிறுவனம் நிசானின் 36.8 விழுக்காட்டுப் பங்கையும், அதனுடன் நிசான் டீசலின் ஒரு பகுதியையும் ஐரோப்பிய நிதிக் கிளைகளையும் மொத்தம் 64,300 கோடி யென் கொடுத்துப் பெற்றது. ரெனால்டில் செலவுக் குறைப்புக்குப் பெயர்பெற்றிருந்த கோன், தலைமைச் செயல்பாட்டு அதிகாரியாக டோக்கியோ வந்தார்.

அவர் தயாரான திட்டத்தோடு வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, நிதி போன்ற துறைகளின் இடைநிலை அதிகாரிகளைக் கலந்து அமைத்த ஒன்பது குழுக்கள் 1999 ஜூலை முதல் ஆய்ந்து தந்தவற்றின் மேல்தான், அக்டோபர் 18 அன்று வெளியான ‘நிசான் மறுமலர்ச்சித் திட்டம்’ எழுந்தது. நோய் எங்கே என்று உள்ளிருந்தோருக்குத் தெரிந்தேயிருந்தது. அதைச் சொல்லும் இடந்தான் இல்லாதிருந்தது. 2000ஆம் நிதியாண்டில் லாபம், 2002ஆம் நிதியாண்டுக்குள் விற்பனையில் 4.5 விழுக்காட்டுச் செயல்பாட்டு லாபம், ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி யென்னாக இருந்த நிகரக் கடனை 70,000 கோடிக்கும் கீழ் இறக்குவது ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் உயர் நிர்வாகம் பதவி விலகும் என்று கோன் அறிவித்தார். இங்கு நிகரக் கடன் என்பது, மொத்தக் கடனிலிருந்து கையிருப்புப் பணத்தைக் கழித்தபின் எஞ்சுவது.

திட்டத்தின் மையம் கொள்முதலே. நிசானின் செலவில் 60 விழுக்காடு பொருள் வாங்குவதற்கே போயிற்று. ரெனால்டோடு ஒப்பிட்டபோது, அதே வகை உதிரிபாகங்களுக்கு நிசான் 20 முதல் 25 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்துவந்தது தெரியவந்தது. ஆகவே மூன்றாண்டுகளில் கொள்முதல் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பதென்றும், 1,145ஆக இருந்த உதிரிபாக நிறுவனங்களின் எண்ணிக்கையை 600ஆக்குவதென்றும் முடிவாயிற்று. நிசான் பங்கு வைத்திருந்த 1,394 நிறுவனங்களுள் நான்கைத் தவிர மற்றவை இன்றியமையாதவை அல்ல என்று கருதப்பட்டது. 400 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை இவ்வாறு முடங்கிக் கிடந்ததாகவும், போட்டிக் காரான சுபாருவைத் தயாரிக்கும் ஃபூஜி கனரகத் தொழில் நிறுவனத்தின் பங்குகளும் அதில் அடக்கம் என்றும் கோன் பின்னர் எழுதினார். புதிய கார் வடிவமைக்கப் பணமில்லாத நிறுவனம், போட்டியாளரின் பங்கைப் பூட்டி வைத்திருந்தது!

எஃகு வாங்கிய முறையில் இம்மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. நிசானுக்கு எஃகு தந்த ஐந்து நிறுவனங்களுக்குமான பங்கீடு, விலையை ஒட்டியன்றிப் பழைய உறவை ஒட்டியே ஆண்டாண்டுகளாக மாறாதிருந்தது. குறைந்த விலைக்குத் தருவோருக்கே கூடுதல் அளவு என்று நிசான் அறிவித்தபோது, நிப்பான் ஸ்டீலின் பங்கு பெருகியது, நிசானோடு ஒரே தொழிற்குழுவைச் சேர்ந்த என்.கே.கே. தன் பங்கில் பெரும்பகுதியை இழந்தது. ‘கோன் அதிர்ச்சி’ என்று ஜப்பானியப் பத்திரிகைகள் பெயரிட்ட இந்நிகழ்வு எஃகுத் துறையின் மறுசீரமைப்பை விரைவுபடுத்தியது, என்.கே.கே.யும் கவாசாகி ஸ்டீலும் 2002இல் ஜே.எஃப்.இ. என்னும் குடையின்கீழ் ஒன்றிணைந்தன. ஒரு கார் நிறுவனத்தின் கொள்முதல் முடிவு வேறொரு தொழிலின் உருவத்தையே மாற்றியது எனலாம்.

ஆலைகளின் பக்கத்தில் மீட்சிக்கான விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. ஜப்பானிய ஆலைகளின் உற்பத்தித் திறனில் 53 விழுக்காடே பயன்பட்டுவந்ததால், மூன்று கார் ஆலைகளும் இரண்டு எஞ்சின், பற்சக்கரப்பெட்டி ஆலைகளும் மூடப்படும் என்றும், உலகெங்கும் 21,000 பணியிடங்கள் குறையும் என்றும் திட்டம் கூறியது. பெரும்பகுதி ஓய்வு, விலகல் ஆகியவற்றின் வழியே குறைக்கப்பட்டதால் கூட்டமான பணிநீக்கம் நிகழவில்லை. ஆனால் டோக்கியோவின் மேற்கேயுள்ள முரயாமா ஆலை 2001 மார்ச்சில் நின்றபோது, தொச்சிகி ஆலைக்கோ ஒப்பாமா ஆலைக்கோ மாற்றலை ஏற்பதா, வீடும் பிள்ளைகளின் பள்ளியும் முதிய பெற்றோரும் இருக்கும் ஊரிலேயே தங்கி வேலையை விடுவதா என்ற தேர்வு தொழிலாளர் முன் நின்றது. பிரின்ஸ் நிறுவனம் 1962இல் தொடங்கி, 1966 இணைப்பின் வழியே நிசானுக்கு வந்த அந்நிலத்தின் பெரும்பகுதியைப் பின்னர் ஒரு பௌத்த அமைப்பு வாங்கியது. இன்னொரு பகுதியில் வணிக வளாகம் எழுந்தது.

கணக்குகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2000 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிசான் 68,440 கோடி யென் நிகர இழப்பைக் காட்டியது; ஆனால் அதே ஆண்டில், கார் தயாரித்து விற்பதிலிருந்து மட்டும் வரும் செயல்பாட்டுக் கணக்கு 8,260 கோடி லாபத்தில் இருந்தது. மறுசீரமைப்புச் செலவும் ஓய்வூதியப் பொறுப்பும் போன்ற ஒருமுறைச் சுமைகள் ஒரே ஆண்டில் எழுதப்பட்டதே இழப்பைப் பெருக்கியது. அடுத்த ஆண்டில் செயல்பாட்டு லாபம் 29,030 கோடி, நிகர லாபமோ 33,110 கோடி. நிகர லாபம் செயல்பாட்டு லாபத்தை விஞ்சியதில் பழைய இழப்புகளால் கிடைத்த வரிச் சலுகைக்கு முக்கியப் பங்குண்டு. இதைக்கொண்டு மீட்சி வெறும் கணக்கு வித்தை என்று சொல்வோர் உளர். செயல்பாட்டு லாபம் ஒரே ஆண்டில் மும்மடங்குக்கு மேல் உயர்ந்ததை அவ்வாதம் விளக்காது. 2002 மார்ச்சில், குறித்த காலத்திற்கு ஓராண்டு முன்னதாகவே, செயல்பாட்டு லாப விகிதம் 7.9 விழுக்காட்டை எட்டியது. நிகரக் கடன் 45,000 கோடிக்கும் கீழ் இறங்கியது. புதிய ‘மார்ச்’, ‘இஸட்’ கார்கள் சந்தைக்கு வந்து பேசப்பட்டது 2002இல்; அதற்குள் மீட்சி ஏறத்தாழ முடிந்திருந்தது.

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2010இல் திறந்த ரெனால்டு–நிசான் கூட்டு ஆலை, மீட்சிக்குப் பிந்தைய விரிவாக்கத்தின் விளைவு. அதில் நிசானுக்கு இருந்த பங்கை 2025இல் ரெனால்டே வாங்கிக்கொண்டது. நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளில் 2018இல் கைதான கோன், அவற்றை மறுத்து, அடுத்த ஆண்டின் இறுதியில் லெபனானுக்குத் தப்பினார். 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டிலோ நிசான் மீண்டும் 67,090 கோடி யென் நிகர இழப்பை அறிவித்தது. 1999ஆம் நிதியாண்டைப் போலவே அவ்வாண்டும் செயல்பாட்டுக் கணக்கு சிறு லாபத்தில்தான் இருந்தது. 20,000 பணியிடங்களைக் குறைப்பது, 17 ஆலைகளைப் பத்தாக்குவது என்ற புதிய திட்டத்தில், முரயாமாவின் தொழிலாளரை ஏற்ற ஒப்பாமாவும் 2028 மார்ச்சுக்குள் உற்பத்தியை நிறுத்தும் ஆலைகளுள் ஒன்று. பணமாக்குவதற்கு இம்முறை 1,394 நிறுவனங்களின் பங்குகள் இல்லை. 2025 நவம்பரில் யோகோஹாமா தலைமையகக் கட்டடத்தை 9,700 கோடி யென்னுக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது.