கீலேஷன்: ஒரு கொடுக்கின் வரலாறு

ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை உடம்பில் சேர்ந்துவிட்டால் அவற்றைப் பிடித்து, பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியேற்றும் சிகிச்சைக்குக் கீலேஷன் என்று பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சிலர் ‘செலேஷன்’ என்கிறார்கள். கிரேக்க மூலத்துக்குப் பொருந்துவது ககரமே. கெமிஸ்ட்ரியில் ஒலிக்கும் அதே ககரம். மூலச்சொல் ‘கீலே’. நண்டு, சிங்கி இறால் முதலியவற்றின் கொடுக்கு என்பது அதன் பொருள்.

பெயர் வைத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். கில்பர்ட் மார்கன், ட்ரூ என்ற இரு பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் 1920இல் இச்சொல்லை ஆக்கினார்கள். உலோக அணுவைச் சுற்றிப் பிற மூலக்கூறுகள் எப்படி அமைகின்றன என்பதை ஆல்ஃபிரட் வெர்னர் 1893இலேயே விளக்கிவிட்டார். 1913இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் ஒரே மூலக்கூறு இரண்டு முனைகளால் உலோக அணுவை வளைத்துப் பற்றி வளையமாக மூடிக்கொள்வதற்குத் தனிப்பெயர் இல்லாதிருந்தது. ஒற்றை முனையால் பிடித்தது எளிதில் கழன்றுவிடும். இரு முனைப் பிடியில் ஒன்று நழுவினாலும் மற்றது விடாது. நழுவியதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். பார்த்துப் பார்த்து வைத்த பெயர்தான்.

கிரேக்கர்கள் இச்சொல்லை நண்டோடு நிறுத்தவில்லை. ஆடுமாடுகளின் பிளந்த குளம்பும் அவர்களுக்குக் கீலேதான். நாம் துலாம் என்று சொல்லும் விண்மீன் கூட்டத்தை முற்காலத்தில் ‘கீலாய்’, அதாவது கொடுக்குகள், என்றார்கள். அடுத்திருக்கும் விருச்சிகத்தின் முன்கொடுக்குகளாக அதைக் கண்டார்கள். அந்த வழக்கு அரபிக்கும் போயிற்று. துலாத்தின் இரு பிரகாசமான விண்மீன்கள் தெற்குக் கொடுக்கு, வடக்குக் கொடுக்கு என்று பொருள்படும் அரபுப் பெயர்களாலேயே இன்றும் அறியப்படுகின்றன.

தமிழில் இதைக் ‘கொடுக்கிணைப்பு’ என்று எழுதுகிறோம். நண்டுக்குக் கொடுக்கு பிடிக்கும் உறுப்பு, தேளுக்கோ கொட்டும் உறுப்பு. தேளின் நச்சுமுனை கிரேக்கச் சொல்லில் இல்லை, தமிழில் வந்து சேர்ந்தது. இந்தச் சிகிச்சையின் கதையைப் படித்தபின், அது வந்து சேர்ந்ததே நல்லது என்று நினைக்கிறேன்.

உலோகத்தைப் பிடிக்கும் மருந்துகளின் குடும்பத்தில் கொடுக்குக்கும் மூத்த பெயர் ஒன்று உண்டு. 1830களில் டென்மார்க்கின் வில்லியம் சைசே, கந்தகம் கலந்த நாற்றமடிக்கும் திரவம் ஒன்று பாதரசத்தோடு உடனே சேர்வதைக் கண்டார். ‘பாதரசத்தைப் பற்றுவது’ என்ற லத்தீன் தொடரைச் சுருக்கி அதற்கு மெர்காப்டன் என்று பெயரிட்டார். நூறாண்டுக்குப் பின், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆர்சனிக் கொண்ட லூயிசைட் என்னும் கொப்புள நச்சுக்கு முறிவு தேடியது ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸின் குழு. ஆர்சனிக் உடம்பின் நொதிகளில் உள்ள கந்தக முனைகளைப் பிடிக்கிறது என்பதைக் கண்டு, அடுத்தடுத்து இரண்டு கந்தக முனைகள் உள்ள சிறு மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். ஆர்சனிக் நொதியை விட்டு இதில் மாட்டிக்கொண்டது. ‘பிரிட்டிஷ் ஆன்டி லூயிசைட்’ என்று அழைக்கப்பட்ட அதன் மருந்துப்பெயர் டைமெர்காப்ரால். சைசேயின் சொல்லின் முன்பகுதி நடுவில் அப்படியே நிற்கிறது. கடலை எண்ணெயில் கரைத்துத் தசையில் ஆழமாகப் போடும் வலி மிகுந்த ஊசி அது. பிறகு வந்த சக்சிமர் வாயால் உட்கொள்ளும் மருந்து. ஈயம் ஏறிய குழந்தைகளுக்காக அமெரிக்கா 1991இல் அதை அனுமதித்தது.

கந்தகம் இல்லாத கிளை ஈடிடிஏ. 1930களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் உருவாக்கியது. துணிச்சாயத் தொழிலில் சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றாகத்தான் முதலில் தேடப்பட்டது. ரத்தப் பரிசோதனைக்குக் கத்தரிப்பூ நிற மூடியிட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்களே, அதற்குள் இருப்பது இதுதான். ரத்தத்தின் கால்சியத்தை இது பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறைவதில்லை. குழாய்க்குள் நமக்கு உதவும் இதே செயல் உடம்புக்குள் நடந்தால் இதயம் நின்றுவிடக்கூடும்.

ஆகவே ஈயத்துக்குத் தருவது கால்சியத்தை ஏற்கெனவே பிடித்திருக்கும் ‘கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ’. ஈயத்தின் மேல் இதன் பிடி கால்சியத்தின் மேல் உள்ளதைவிட ஒரு கோடி மடங்குக்கும் அதிக வலுவானது. கால்சியத்தை விட்டு ஈயத்தைப் பற்றும். வெறும் ‘டைசோடியம் ஈடிடிஏ’ ரத்தத்தின் கால்சியத்தையே இழுக்கும். ஒரு சொல்தான் வித்தியாசம். பேச்சில் இரண்டும் ‘ஈடிடிஏ’. 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் கீலேஷன் சிகிச்சையின்போது கால்சியம் சரிந்து மூவர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். அவர்களில் ஒரு குழந்தை ஈய நச்சுக்காக மருத்துவமனைக்கு வந்தது, மருந்து மாறிப்போயிற்று. இன்னொரு குழந்தைக்கு ஆட்டிசம். அதற்குக் கீலேஷன் பலன் தரும் என்பதற்குச் சான்றே இல்லை. பெயர்க் குழப்பம் பற்றி 2008இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டு மருந்துக்கும் இத்தனை நெருங்கிய பெயரை விட்டுவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது ‘டீடாக்ஸ்’ என்ற சொல்லின் நிழலில் கீலேஷன் எல்லாருக்கும் விற்கப்படுகிறது. மாரடைப்பு வந்த, நீரிழிவும் உள்ள நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. ரத்தத்தின் ஈய அளவு வெகுவாகக் குறைந்தது. மாரடைப்போ மரணமோ குறையவில்லை. இந்த விற்பனைக்கு வழிவிடும் சோதனை ஒன்று உண்டு. முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரை எடுப்பார்கள். எல்லார் உடம்பிலும் சிறிதளவு ஈயம் இருப்பதால் அந்தச் சிறுநீரில் உலோகம் கூடத்தான் வரும். அந்த எண்ணை, மருந்து உட்கொள்ளாதவர்களுக்கான இயல்பு அளவோடு ஒப்பிட்டு ‘நஞ்சு ஏறியிருக்கிறது’ என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நச்சியல் மருத்துவர்கள் இந்தச் சோதனையை ஏற்பதில்லை. ஈயம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று அறிய, எந்த மருந்தும் தருவதற்கு முன் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.