ரொறன்ரோவில் சுவாச நோய்களை இனங்காணல்: ஒரு நூற்றாண்டு வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொறன்ரோ மருத்துவர்கள் குளிர்கால நோய்களைப் பெரும்பாலும் கண்ணாலும் காதாலும் பிரித்தறிந்தனர். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்திருந்தால் அது தொண்டை அடைப்பான். இருமி இருமி மூச்சை இழுக்கையில் கூவும் ஒலி எழுந்தால் அது கக்குவான். வாரக்கணக்காக இருமி, உடல் மெலிந்து, சளியில் இரத்தமும் கண்டால் காசநோய். மூக்கு ஒழுகி மெல்ல வந்து மெல்லப் போவது தடிமன். திடீரென்று கடுங்காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்து ஆளைப் படுக்கையில் தள்ளுவது இன்புளுவென்சா.

இவற்றில் தொண்டை அடைப்பானைத் தாமதமின்றி இனங்காண்பது உயிரைக் காக்கும் செயலாக இருந்தது. அதன் நச்சை முறிக்கும் மருந்து 1890களிலேயே வந்துவிட்டது. ஆனால் நச்சு உடலில் பரவி இதயத்தைத் தாக்குவதற்கு முன்பு கொடுத்தால்தான் அது பலன் தந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அம்மருந்தின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. ஜோன் பிட்ஸ்ஜெரால்ட் என்ற மருத்துவர் பார்ட்டன் அவெனியூவில் இருந்த ஒரு குதிரைலாயத்தில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார். 1914இல் அம்முயற்சி ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமாகி, பின்னர் கொனாட் ஆய்வுகூடம் என்று பெயர் பெற்றது. தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் வழக்கமாயிற்று. நோயின் பெயரை உறுதிசெய்யும் பொறுப்பு இவ்வாறு நோயாளியின் படுக்கையருகிலிருந்து ஆய்வுகூடத்துக்கு நகரத் தொடங்கியது.

அந்த ஆய்வுகூடமும் தவறக்கூடும் என்பதை 1918 காட்டியது. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் வந்த இன்புளுவென்சா, ஐந்து இலட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை கொண்ட நகரில் ஏறத்தாழ 1,700 பேரைப் பலிகொண்டது. முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமன்றி, இருபது முதல் நாற்பது வயது வரையானவர்களையும் அது பெருமளவில் கொன்றது. நகரின் சுகாதார அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ் நெரிசலைக் குறைக்கவும் வீடுகளுக்குத் தாதியரை அனுப்பவும் முயன்றார். இந்நோய்க்குக் காரணம் 1892இல் ஜெர்மனியில் பைபர் கண்ட ஒரு பாக்டீரியா என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையின் மேல் கொனாட் ஆய்வுகூடமும் தடுப்பூசி தயாரித்து வழங்கியது. உண்மையான காரணி ஒரு வைரஸ் என்பது 1933இல்தான் லண்டனில் உறுதிப்பட்டது.

அதன்பின் பெயர்கள் பெருகின. தடிமனுக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ வைரஸ், குழந்தைகளின் சிறு மூச்சுக்குழல்களை அடைத்து இழுப்பை உண்டாக்கும் ஆர்எஸ்வி ஆகியவை 1950களில் கண்டறியப்பட்டன. 1960களில் மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ்களும், 2001இல் மெட்டாநிமோ வைரஸும் பட்டியலில் சேர்ந்தன. ஒரே இருமலுக்குப் பல காரணிகள் இருக்கலாம் என்றான பிறகு, வெறும் அறிகுறியை வைத்துக் காரணியைச் சொல்வது அநேகமாக இயலாததாயிற்று.

2003இல் ரொறன்ரோ இதை அனுபவித்தே அறிந்தது. ஹொங்கொங்கிலிருந்து பெப்ரவரி 23இல் திரும்பிய ஒரு மூதாட்டி மார்ச் 5இல் வீட்டில் இறந்தார். இறப்புக்குக் காரணம் மாரடைப்பு என்று பதிவாயிற்று. இரு நாள்கள் கழித்து அவருடைய மகன் ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தார். படுக்கைக்காகப் பல மணி நேரம் மற்ற நோயாளிகளுக்கிடையே காத்திருந்தார். காசநோயாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்த பின்பே அவர் தனிமைப்படுத்தப்பட்டார். அதற்குள், பின்னர் சார்ஸ் என்று பெயர் பெற்ற அப்புதிய நோய் பக்கத்துப் படுக்கைகளுக்குப் பரவியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 12இல் உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது; மகன் மறுநாள் இறந்தார். தொடக்கத்தில் சில நோயாளிகளிடம் மெட்டாநிமோ வைரஸ் தென்பட்டதால், காரணி அதுவாக இருக்குமோ என்ற குழப்பமும் எழுந்தது. புதிய கொரோனா வைரஸ் ஒன்றே காரணம் என்பது ஏப்ரலில் உறுதியானது.

சார்ஸுக்கெனத் தனி அறிகுறி எதுவும் இல்லை. எனவே நோயாளி எங்கிருந்து வந்தார், யாருடன் பழகினார் என்ற கேள்விகளே அதை ஏனைய நிமோனியாக்களிலிருந்து பிரித்தன. மே மாதத்தில் அவ்வழியும் கைவிட்டது. நோர்த் யோர்க் பொது மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் அறுவை முடிந்தவர்களுக்கு நிமோனியா வந்தபோது, பயண வரலாறோ தெரிந்த தொடர்போ இல்லாததால் அது சாதாரண நிமோனியாவாகக் கருதப்பட்டது. இரண்டாம் அலை அங்கிருந்து எழுந்தது. ஜூலை 2இல் உலக சுகாதார நிறுவனம் ரொறன்ரோவைத் தொற்றுப் பட்டியலிலிருந்து நீக்கிய காலத்துக்குள் பல்லாயிரம் பேர் வீட்டுத் தனிமையில் இருந்து மீண்டிருந்தனர். கனடாவில் சார்ஸால் இறந்தவர்கள் 44 பேர். அவர்களில் இரு தாதியரும் ஒரு மருத்துவரும் அடங்குவர்.

சார்ஸ் பரவலை விசாரித்த, நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையிலான ஆணைக்குழு, அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் தற்காப்பைத் தொடங்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. காய்ச்சலும் இருமலுமாக வருபவருக்கு வாசலிலேயே முகக்கவசம் கொடுத்து, பிறரிடமிருந்து விலக்கி இருத்திவிட்டுப் பின்னர் நோயை ஆராயும் முறை ஒன்ராறியோ மருத்துவமனைகளில் வழக்கமானது. 2020 ஜனவரியில் வூஹானிலிருந்து திரும்பிய, கனடாவின் முதல் கோவிட் நோயாளி சனிபுரூக் மருத்துவமனைக்கு வந்தபோது, ஊழியர்கள் தொடக்கத்திலிருந்தே தற்காப்பு உடையுடன் அவரை அணுகினர். அங்கு எவருக்கும் அவரிடமிருந்து தொற்றவில்லை.

இன்று ஒரே பஞ்சுக்குச்சி மாதிரியிலிருந்து இன்புளுவென்சா, ஆர்எஸ்வி, கோவிட் மூன்றையும் பிசிஆர் சோதனை பிரித்துக் காட்டுகிறது. கோவிட்டுக்கு வீட்டிலேயே செய்யும் விரைவுச் சோதனையும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் சோதனை தேவைப்படுவதில்லை. நோயின் பெயர் சிகிச்சையை மாற்றும் இடத்தில்தான் சோதனைக்குப் பயன் அதிகம். இன்புளுவென்சாவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள்ளும், கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிட் ஐந்து நாள்களுக்குள்ளும் தொடங்கப்படவேண்டும் என்பதால், முதியோர், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுள்ளோர் ஆகியோருக்குக் காரணியை விரைந்து அறிவது அவசியமாகிறது. மற்றவர்களுக்கு, எந்த வைரஸ் என்று தெரியாவிட்டாலும், காய்ச்சல் நீங்கும்வரை வீட்டில் இருப்பதும் முகக்கவசம் அணிவதும் எல்லா நோய்க்கும் பொதுவான அறிவுரையாக உள்ளன.