நெபாவின் சுலைமான்

மாலி நாட்டின் தெற்கே, சிக்காசோ வட்டாரத்தில் உள்ள நெபாதுகு என்ற செனுஃபோ மக்களின் ஊரில் 1969இல் பிறந்தவர் சுலைமான் த்ராவோரே. பாலஃபோன் என்ற மரக்கட்டை இசைக்கருவியை வாசிக்கும் கலைஞரான இவரை உலகம் நெபா சோலோ என்றே அறியும்.

இசைத்தட்டு உறையில் 'சோலோ' என்று கண்டதும், தனித்து வாசிப்பவர் போலும் என்று நினைக்கத் தோன்றும். அந்த இத்தாலியச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. மாலியில் சுலைமானைச் செல்லமாக அழைத்தால் சோலோ. தமிழ் முஸ்லிம்களிடம் சுலைமான் என்றும் தமிழ் விவிலியத்தில் சாலொமோன் என்றும் வழங்கும் அதே பெயர்தான். அவருடைய குழுவில் முன்னணி வாசிப்பு உடன்பிறந்தவரான சியாகாவுடையது. சோலோவின் கை மந்தர ஸ்தாயியில் இருக்கும்.

முன்பாதியான 'நெபா' அவருடைய ஊர். பமானா மொழியில் 'துகு' என்றால் ஊர், நிலம். நெபாதுகுவில் துகுவை விட்டால் நெபா. குலப்பெயர் ஏன் மேடைக்கு வரவில்லை? த்ராவோரே மாலியெங்கும் பரவிய பெயர். 1898இல் பிரெஞ்சுப் படையிடம் சிக்காசோ வீழும்வரை கெனெதுகு நாட்டை ஆண்டவர்களும் த்ராவோரேக்களே. ஓர் ஆளைப் பிரித்துக் காட்ட அது போதாது; ஊர்ப்பெயர் போதும்.

இனி அவருடைய கருவிக்கு வருவோம். 1623இல் அச்சான நூலில் ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் ஜாப்சன் காம்பியா ஆற்றங்கரையில் கண்ட இக்கருவியை 'பாலர்ட்ஸ்' என்று எழுதினார். 1799இல் ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் 'பாலாஃபூ' என்றார். மண்டிங்கா மக்களுக்குக் கருவி 'பாலா'; 'ஃபோ' அதை வாசிக்கும் வினை. வாய் பேசுவதற்கும் அதே 'ஃபோ'தான். கேட்டவர்கள் இரண்டையும் சேர்த்துக் கருவிக்கே பெயராக்கிவிட்டார்கள்; 'பாலஃபோன்' நிலைத்தது.

செனுஃபோ மக்களுக்கோ அது 'ந்செகெலே'. பதினொன்று முதல் இருபத்தொன்று வரை மரக்கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் அதன் அளவுக்கேற்ற சுரைக்குடுக்கை. குடுக்கையில் துளையிட்டு, சிலந்தி முட்டைகளைப் பொதிந்து வைக்கும் மெல்லிய சவ்வை அதன்மேல் ஒட்டுவார்கள். கட்டையைத் தட்டினால் சுரத்தோடு சேர்ந்து அந்தச் சவ்வும் 'ஜிர்' என்று அதிரும். அதிர்வு இல்லாவிட்டால் நாதம் நிறையாது. வயல் வேலையிலும் சாவு வீட்டிலும் புனிதத் தோப்பிலும் ஒலித்துவந்த இக்கருவியில் நெபா சோலோ கீழ்ச்சுரக் கட்டைகளைக் கூட்டினார். என் காதுக்கு அவருடைய பெரிய சாதனை இதுவே: கிதார் எதுவும் துணைக்கு இல்லாமலே பாட்டுக்குக் கனமான அடித்தளம் கிடைத்துவிட்டது.

செனுஃபோ பாலஃபோன் மரபு 2012இல் மாலி, புர்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட் ஆகிய மூன்று நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அங்கும் தலைப்பில் நிற்பது 'பாலஃபோன்' என்ற அண்டை மொழிச் சொல்தான். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நெபா சோலோவே தம் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு 'கெனெதுகு ஃபோலி' என்று பெயர் வைத்தார். பமானாவில் ஃபோலி என்றால் வாசிப்பு, இசை. துகுவும் ஃபோவும் அதில் கூடியிருக்கின்றன. பமானா மாலி முழுக்கப் புழங்கும் பொதுமொழி. 2002இல் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்து மாலியில் நடந்தபோது, அந்தப் போட்டிக்காக அவர் பாடிய பாட்டு நெபாதுகுவின் பெயரில் பாதியைத் தலைநகர் பமாக்கோ வரை கொண்டுபோனது.