வீட்டுக் கணினி முடக்கமும் கோப்பு மீட்பும்

வீட்டுக் கணினி முடக்கம் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் கணினி முன்னறிகுறியின்றி உறைந்து நிற்றல், தானே அணைந்து மறுபடி தொடங்குதல், நீலத்திரை காட்டி ஓய்தல் ஆகிய கோளாறுகளைக் குறிக்கும். இயந்திரத்தைச் செப்பனிடுதலும் அதனுள் இருக்கும் கோப்புகளைக் காப்பாற்றுதலும் வெவ்வேறு காரியங்கள். இவற்றுள் பின்னதே எப்போதும் முந்திச் செய்யத்தக்கது.

முடக்கத்தின் காரணங்களை ஓர் ஊரைக்கொண்டு விளக்கலாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயிலால் பிரசித்தி பெற்ற இருக்கன்குடி, விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரை அடுத்த கரிசல் கிராமம். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அனுகூலமாய் அமைந்த இப்பிரதேசத்தின் வறட்சியே, புழுதியோடும் வெம்மையோடும் சேர்ந்து கணினிக்குப் பகையாகிறது. விசிறியின் இதழ்களிலும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளிலும் தூசு அடைந்துவிட்டால், பிராசசர் சூடேறி, தான் கருகிப்போகாதிருக்கும் பொருட்டுக் கணினியை அணைத்துவிடுகிறது. சிறிது நேரம் ஆறியபின் ஒழுங்காக ஓடிப் பின்னர் மீண்டும் அணையுமாயின், வெப்பமே காரணமென்று பெரும்பாலும் அனுமானிக்கலாம். நினைவகமாகிய ராமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மீண்டும் பொருத்திய மாத்திரத்தில் உயிர்பெறும் கணினிகளும் உண்டு. தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பினால், மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வால், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பழுதுபடுதலும் சாதாரணமே.

இவையெல்லாம் பணத்தால் ஈடுசெய்யக்கூடியவை. ஹார்ட் டிஸ்க் அத்தகையதன்று. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மீது, தலைமயிரின் பருமனில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் அதன் படிப்புமுனை மிதந்து செல்கிறது. ‘டக், டக்’ என்ற ஒலி சீராகக் கேட்குமாயின், அம்முனை பழுதுற்றிருக்கக்கூடுமாதலால், மின்சாரத்தை உடனே நிறுத்துவதே விவேகம். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறி, மீளக்கூடியதையும் மீளாததாக்கிவிடக்கூடும். டிஸ்கைத் திறந்து பார்க்க வேண்டுமெனில் தூசியற்ற தனியறை கொண்ட மீட்பு நிலையமே தகுந்த இடம்.

கண்டிக்கத்தக்க வழக்கம் ஒன்றுண்டு: கணினி நின்றவுடன் ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. பட்டாசுப் பெட்டியின் லேபிள் வடிவமைப்பும், சம்பளக் கணக்கும், அம்மன் சந்நிதியில் மொட்டையடித்துக் காதுகுத்திய குழந்தையின் படங்களும் இவ்வண்ணம் அழிவது, தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டமாதலின் பெரிதும் வருந்தத்தக்கது. விண்டோஸ் எழாதபோதும் டிஸ்க் நலமாயிருக்கலாம். பென் டிரைவிலிருந்தே இயங்கும் ஏதேனும் ஒரு லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பி, கோப்புகளை வெளி டிஸ்கில் பிரதி செய்துகொள்ளலாம். அத்தகைய லினக்ஸ்களுள் ஒன்றாகிய, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே மாணவர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது.

டிஸ்க் தேய்ந்துகொண்டிருப்பின், கோப்பு கோப்பாக எடுக்க முயலாமல், டிடிரெஸ்க்யூ என்னும் கருவியால் முழுப் பிரதி எடுப்பது உத்தமம். அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்து, கெட்டவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தவறி அழித்த படங்களை அப்பிரதியிலிருந்து போட்டோரெக் என்னும் கருவி தேடித் தரும். மீட்டவற்றை மூல டிஸ்கிலேயே எழுதலாகாது. எஸ்.எஸ்.டி.யிலோ, அழிந்த கோப்பின் இடம் பெரும்பாலும் விரைவிலேயே துடைக்கப்பட்டுவிடுவதால், அழித்ததைத் தேடியெடுக்கும் இவ்வுபாயம் அரிதாகவே பலிக்கும். விண்டோஸின் குறியாக்க வசதியாகிய பிட்லாக்கர் பூட்டிய புதிய மடிக்கணினிகளில், 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்திராதவர், அதனைத் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதலில் தேட வேண்டும்.