காந்தமும் கிளினிக் கொப்பியும்: சீகிரியாவை முன்வைத்து இதயமுடுக்கி நோயாளர் பராமரிப்பு

சீகிரியாக் குன்றின் உச்சிக்கு ஏறத்தாழ 1,200 படிகள். இயல்பான இதயம் ஏறும்போது விரையும், இறங்கும்போது தணியும். உடலின் அசைவை வைத்து வேகத்தைக் கூட்டும் இதயமுடுக்கிகள் சிலவற்றில் இது தலைகீழாவதுண்டு. ஏறுகிறவர் மூச்சு வாங்கியபடி மெதுவாக அடி வைக்கிறார்; அசைவு குறைவு என்பதால் கருவி சும்மா இருந்துவிடுகிறது. அவரே இறங்கும்போது காலடி அதிர்கிறது. ஓய்வு தேவைப்படும் நேரத்தில் துடிப்பு கூடுகிறது. சுவாசத்தின் அளவை உணரும் கருவிகளில் இந்தக் கோளாறு குறைவு. குன்றின் அடியில் கடை வைத்திருப்பவருக்கும் நாள்தோறும் ஏறியிறங்கும் வழிகாட்டிக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. படுக்கையில் கிடந்த நோயாளிக்குச் செய்த அமைப்பு, அவர் வாழும் இடத்தில் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1958 ஒக்டோபர் 8 அன்று ஸ்டொக்ஹோமில் ஆர்னே லார்சனுக்குப் பொருத்தப்பட்ட முதல் உட்பதி முடுக்கி சில மணிநேரமே ஓடியது. அவர் 2001 வரை வாழ்ந்தார்; அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டன. பொருத்துவது ஒருநாள் வேலை, பார்த்துக்கொள்வது ஆயுள்வேலை என்பது அந்த முதல் நோயாளியிடமே தெரிந்துவிட்டது. சீகிரியா அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்தின் வடக்கில் வாழ்பவருக்குக் கருவி பொருத்தப்படுவது பெரும்பாலும் கண்டியில். தம்புள்ளையிலிருந்து அது 70 கிலோமீட்டருக்கு மேல். மாதாந்த மருந்துக்கு அவர் செல்வதோ தம்புள்ளை ஆதார வைத்தியசாலை கிளினிக்குக்கு. இரண்டையும் இணைப்பது அவர் கையிலுள்ள கொப்பி மட்டுமே.

ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியையும் அந்நிறுவனத்தின் கணினியே வாசிக்கும். எல்லாக் கணினிகளையும் ஆதார வைத்தியசாலையில் வைத்திருக்க முடியாது என்பது சரியான ஆட்சேபமே. ஆனால் ஒரு வட்டக் காந்தம் போதுமான வேலை ஒன்று உண்டு. நெஞ்சின் மேல் காந்தத்தை வைத்தால் முடுக்கி, இதயம் என்ன செய்கிறது என்று பாராமல், தனக்கென வகுத்த வேகத்தில் துடிக்கத் தொடங்கும். அந்த வேகம் பற்றரியின் நிலையைச் சொல்லும். மெட்ரோனிக் முடுக்கியில் நிமிடத்துக்கு 85 என்றால் பற்றரி நலம்; 65 ஆனால் மாற்ற வேண்டும். பொஸ்டன் சயன்டிபிக் முடுக்கியில் 100 என்றால் நலம். 85க்கு இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒருவருக்கு நல்ல செய்தியாகும் அதே 85, மற்றவருக்கு அபாய அறிவிப்பு. ஆகவே எந்த நிறுவனத்தின் கருவி என்று கொப்பியில் இல்லாவிட்டால், காந்தமும் ஈசிஜியும் இருந்தும் பயனில்லை. மாற்றும் அறிவிப்புக்குப் பின் கருவி நம்பகமாக ஓடும் அவகாசம் பொதுவாகச் சுமார் மூன்று மாதம். ஆண்டுக்கொருமுறை கண்டி போகும் நோயாளியிடம் அது இரு பயணங்களுக்கு இடையே கழிந்துபோகலாம். தம்புள்ளைக் கிளினிக்கில் காந்தம் வைத்துப் பார்த்துவந்தால் அது தப்புவது அரிது.

காந்தத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இதயத்துக்குச் செல்லும் கம்பியின் நிலையோ, பதிவான லயக்குழப்பங்களோ அதில் தெரியா. காந்தத்துக்குப் பதிலளிக்காதபடி கருவி அமைக்கப்பட்டிருக்கவும் கூடும். அதிர்ச்சி கொடுத்து ஆபத்தான லயக்குழப்பத்தை அடக்கும் ஐசிடி கருவியில் காந்தம் பொதுவாகத் துடிப்பை மாற்றுவதில்லை, அதிர்ச்சியை நிறுத்திவைக்கும். எனவே ஐசிடி உள்ளவரிடம் பற்றரி பார்க்கக் காந்தம் வைக்கக் கூடாது. தேவையில்லாமல் அடுத்தடுத்து அதிர்ச்சி வாங்கி வருபவரை, ஈசிஜித் திரையில் லயத்தைப் பார்த்தபடி, காப்பாற்ற உதவுவதும் அதே காந்தம்தான்.

இந்த மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய சிக்கல்களும் உள. வில்கமுவப் பகுதி காரணம் தெளிவற்ற நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டது. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ஏறினால் இதயத்தசையைத் துடிக்கவைக்கக் கூடுதல் மின்விசை தேவைப்படும். அப்போது ஈசிஜியில் முடுக்கியின் குத்துக்கோடு இருக்கும், அதைத் தொடர வேண்டிய துடிப்பு இராது. கருவி பழுது என்று நோயாளியைக் கண்டிக்கு ஏற்றி அனுப்புமுன் பொட்டாசியத்தைப் பார்ப்பது உயிர்காக்கும். அடுத்தது யானைகளைத் தடுக்கும் மின்வேலி. அதன் மின்துடிப்பு ஏறத்தாழ நொடிக்கொன்று. வேலியைத் தொட்டவரின் முடுக்கி அதை இதயத்தின் சொந்தத் துடிப்பென எண்ணி ஓய்ந்துவிடலாம். விமானநிலையச் சோதனை வாயில் பற்றி எச்சரிக்கும் கையேடுகள் சேனைப் பயிர்க்காரனின் வேலியையும் சேர்க்கட்டும்.

தொலைக் கண்காணிப்பு வந்தால் இவை வேண்டாமே என்பர். 2023இன் சர்வதேச இணக்க அறிக்கை, தொடர் தொலைக் கண்காணிப்பில் இருப்பவரின் நேரடி வருகையை 24 மாதம் வரை தள்ளலாம் என்கிறது. நல்லதே. ஆனால் அந்தச் சலுகை, அறிவிப்புகளை அன்றாடம் பார்க்க ஆள் இருக்கும் இடத்துக்கானது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. கட்டிலருகே மின்சாரத்தில் இயங்கும் பரப்பியை மட்டும் நம்பும் திட்டம் அந்நாட்களில் என்னவாகும்? தொலைக் கண்காணிப்பு வரட்டும், கிளினிக் சோதனைக்கு மேலதிகமாக.

ஆகவே தம்புள்ளையில் மாதாந்தக் கிளினிக்கில் ஈசிஜி; முடுக்கி மட்டும் உள்ளவருக்கு மூன்று மாதத்துக்கொருமுறை காந்தச் சோதனை. கண்டியில் ஆண்டுக்கொருமுறை கணினிச் சோதனை. கண்டியில் கருவி பொருத்தும் பிரிவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே கருவியின் வகை, நிறுவனம், மாதிரி, பொருத்திய திகதி, காந்த வேகம், முடுக்கியின்றி இதயம் துடிக்குமா என்பது ஆகியவற்றைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வேலி, காந்தம் பற்றிய எச்சரிக்கையை அவர் வாசிக்கும் மொழியில், சிங்களத்திலோ தமிழிலோ, அதன் கீழே சேருங்கள்.