சுருக்குப்பையில இருக்குற புகையிலை

பீடி சிகரெட்டை விடச்சொல்லி வீட்டுல சண்டையே நடக்கும். ஆனா பாட்டி இடுப்புல சொருகியிருக்கற சுருக்குப்பைக்குள்ள புகையிலை இருந்தா யாரும் வாயத் திறக்க மாட்டோம். ஏன்னு யோசிச்சா கொஞ்சம் வரலாறு பாக்கணுங்க.

புகையிலை நம்ம ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து போர்ச்சுக்கீசியர் கொண்டாந்தது. 1617-ல் ஜஹாங்கீர் தடை போட்டதும் புகைக்கறதுக்குத்தான். இங்கயோ அதுக்கு ரொம்ப முன்னாடியே தாம்பூலம் மரியாதைக்குரிய விஷயம். வெத்தலைப்பெட்டிக்குள்ள புகையிலை நைசா நுழைஞ்சு, அந்த மரியாதையில பங்கும் வாங்கிக்கிச்சு. பல்வலிக்கு நல்லதுன்னு வைத்தியப் பேரு வேற!

அப்புறம் வந்தது குட்கா பாக்கெட். தமிழக அரசு 2001-லயே தடை போட்டுச்சு. மாநில அதிகாரிக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. உணவுல புகையிலை சேர்க்கக்கூடாதுன்னு 2011-ல் மத்திய அரசு விதி வந்ததும், 2013-ல் இங்க மறுபடி தடை. கம்பெனிக்காரங்க என்ன செஞ்சாங்க? பான் மசாலா தனிப் பாக்கெட், புகையிலை தனிப் பாக்கெட். கலக்குற வேலை மட்டும் நமக்கு :)

சரி, விடணும்னு நினைக்கறவங்களை எது தள்ளுது? 2016-17-ல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்க. அதுக்கு முந்தின 12 மாசத்துல விட்டுப்பாக்க முயற்சி செஞ்சவங்க, புகைக்கறவங்கள்ல 38.5 சதவீதம். மெல்லறவங்கள்ல 33.2 தான். டாக்டர்கிட்ட போனவங்கள்ல, 'விட்டுடுங்க'ன்னு அவர் சொன்னது புகைக்கறவங்களுக்கு 48.8 சதவீதம், மெல்லறவங்களுக்கு வெறும் 31.7. புகை இல்லை, நாத்தம் இல்லை, அதனால டாக்டரும் கேக்கறதில்லை.

பாக்கெட்டுல 2016 ஏப்ரல்லேர்ந்து 85 சதவீத இடத்துல எச்சரிக்கைப் படம் போடறாங்க. அதைப் பாத்து விட நினைச்சதா 46.2 சதவீதம் பேர் சொல்லியிருக்காங்க. ஆனா பாட்டி வாங்கற உதிரிப் புகையிலைக்கு ஏதுங்க படம்? வாய்ப்புற்றுநோய் மட்டும் பாக்கெட்டா உதிரியான்னு பாத்து வர்றதில்லை. புகையிலையை விட்டுட்டு பாக்கை மட்டும் மென்னாலும் ஆபத்து இருக்கு, பாக்கே புற்றுநோய் தரக்கூடியது.

ஆக, யாராவது கேக்கணும். அடுத்த தடவை பாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப, "இவங்க புகையிலை போடுவாங்க டாக்டர்"னு நீங்களே சொல்லிடுங்க. பாட்டி முறைப்பாங்க. முறைக்கட்டுமே!