மணிலாவில் ஏறிய மை

1974இல் அமெரிக்கக் கடைகளில் 1 டாலருக்கு விற்ற ஒரு கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் பத்திரிகை 'சாவேஜ் ஸ்வார்ட் ஆஃப் கோனன்'. அதன் இரண்டாம் இதழில் 'பிளாக் கொலோசஸ்' என்றொரு நெடுங்கதை வந்தது. கோனன் என்ற வாள்வீரனைப் பற்றி ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1933இல் வெளியிட்ட கதையை ராய் தாமஸ் காமிக்ஸுக்கு ஏற்றபடி எழுதினார். பென்சிலால் வரைந்தவர் ஜான் புஸ்ஸெமா. மை போட்டவர் அல்ஃப்ரெடோ அல்காலா. தாமஸும் புஸ்ஸெமாவும் அப்போது நியூயார்க் வட்டாரத்தில் இருந்தார்கள். அல்காலா பிலிப்பைன்ஸில் இருந்தார். அந்த இதழின் ஓவியப் பக்கங்கள் பசிபிக் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் அச்சேறின.

அந்தப் பக்கம் என்பது 11க்கு 17 அங்குல அளவில் ஒரு கனத்த அட்டை. காமிக்ஸ் தொழிலில் ஒரே அட்டை பல கைகளுக்குப் போகும். ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் வசனம் எழுதுவார், மற்றொருவர் மை போடுவார். மை காய்ந்ததும் அடியில் இருக்கும் பென்சிலை ரப்பரால் அழித்துவிடுவார்கள். அச்சகத்தின் கேமராவுக்குத் தெரிவது மை மட்டுமே. புஸ்ஸெமா அசாத்தியமான உருவ ஓவியர். குதிரை பாய்வதையும் வாள் வீசும் தோளின் முறுக்கையும் அவரைப்போல் வரைய ஆள் குறைவு. ஆனால் கோனன் பக்கங்களில் அவர் பெரும்பாலும் உருவங்களின் வெளிக்கோட்டைப் போட்டு நிறுத்திவிடுவார். எங்கே இருட்டு, எங்கே வெயில், சுவர் கல்லா மண்ணா என்பதையெல்லாம் மை போடுபவர்தான் முடிவுசெய்ய வேண்டும். வண்ணமே இல்லாத பத்திரிகையில் இது பாதி வேலைக்கு மேல்.

இத்தனை தூரம் பக்கங்கள் போனதற்குப் பின்னணி உண்டு. டோனி டிசூனிகா என்ற பிலிப்பைன்ஸ் ஓவியர் 1960களில் நியூயார்க்குக்கு வந்து டிசி காமிக்ஸில் இடம்பிடித்திருந்தார். ஜோனா ஹெக்ஸ் என்ற கௌபாய் நாயகனுக்கு முதலில் முகம் கொடுத்தவர் அவர்தான். தன் ஊரில் இதைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொல்ல, 1971இல் டிசியின் கார்மைன் இன்ஃபன்டினோவும் ஜோ ஆர்லாண்டோவும் மணிலாவுக்குப் போனார்கள். நெஸ்டர் ரெடோண்டோ, அலெக்ஸ் நினோ, அல்காலா எனப் பலரும் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு வரையத் தொடங்கினார்கள். திகில் கதைகளின் தட்டச்சுப் பிரதி விமானத் தபாலில் போகும். முடிந்த பக்கங்கள் அதே வழியில் திரும்பும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். உள்நாட்டுக் காமிக்ஸில் எதை வரையலாம், எதை வரையக்கூடாது என்ற கெடுபிடி வந்ததால் வெளிநாட்டு வேலையின் தேவை கூடியது. அமெரிக்க ஓவியருக்குக் கொடுப்பதைவிட இவர்களுக்குப் பக்கக்கூலி குறைவு. நியூயார்க் அலுவலகங்கள் அவர்களைத் தேடிப் போனதற்குத் திறமையோடு இந்தக் கணக்கும் காரணம். இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அல்காலா 1925இல் பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில் தலிசாய் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே படிப்பை விட்டுப் பெயர்ப்பலகை எழுதப் போனார். பிறகு ஒரு கொல்லுப்பட்டறையில் விளக்குகளுக்கும் தேவாலயப் பிரசங்க மேடைக்கும் வடிவம் வரைந்து கொடுத்தார். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது சைக்கிளில் போகிற வழியில் அவர்களுடைய காவலரண்களை மனதில் பதித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வரைந்து அமெரிக்கப் படைக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1948இல் காமிக்ஸுக்கு வந்தார். 1963இல் தன் பெயரிலேயே வந்த பத்திரிகையில் 'வோல்டார்' என்ற தொடரைத் தொடங்கினார். கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த போர்வீரன் அதன் நாயகன். கோனன் காமிக்ஸ் அமெரிக்காவில் வருவதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே வாள்வீரர்களின் உலகத்தை அவர் தனியாக வரைந்து பழகிவிட்டார். பென்சில், மை, எழுத்து எல்லாம் தன் கையாலேயே செய்தார். உதவியாளர் வைத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. வாரத்துக்கு எத்தனை பக்கம் முடியும் என்று டிசிக்காரர்கள் கேட்டபோது 40 என்றாராம். அதையும் அடக்கத்தோடு குறைத்தே சொன்னார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு.

புஸ்ஸெமாவின் பென்சில் பக்கங்கள் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட ஒருவரின் மேசைக்கு. அந்த இதழை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவர் கை தெரியும். பாழடைந்த கட்டடத்தின் கல்லில் கோடுகள் குட்டையாக, இடையிடையே அறுபட்டு, ஒவ்வொரு கல்லின் சாய்வுக்கும் ஏற்பத் திரும்புகின்றன. நிழல் கூடும் இடத்தில் அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை, அதற்கும் மேலே சாய்வாக மூன்றாவது வரிசை. இத்தனைக்கும் அந்த இருட்டு கட்டியாகிவிடுவதில்லை. கோடுகளுக்கு இடையில் காகிதத்தின் வெள்ளை மூச்சுவிட இடம் இருக்கிறது. கோனனின் கைத்தசையில் கோடுகள் தசையைச் சுற்றி வளைகின்றன. துணியில் அவையே நீண்டு தொங்குகின்றன. பழைய மரச்செதுக்குப் படங்களைப் பார்ப்பதுபோல் இருக்கும். மலிவான தாளில், சிறிதாக்கி அச்சிட்ட பிறகும் அந்தக் கோடுகள் கலங்காமல் நிற்கின்றன. பல ஆண்டுகள் மட்டமான தாளுக்கு வரைந்து பழகிய கை, எவ்வளவு நெருக்கமாகப் போடலாம் என்பதை அறிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்த பக்கங்களைப் பார்த்து ராய் தாமஸ் மகிழ்ந்தார். தொடர்ந்து அல்காலாவிடமே பல கதைகளைக் கொடுத்தார். வாசகர்களும் கொண்டாடினார்கள். ஒருவர் மட்டும் மகிழவில்லை. தன் ஓவியத்தை மை மூடிவிட்டது, அது தன்னுடையதாகவே தெரியவில்லை என்ற குறை புஸ்ஸெமாவுக்குக் கடைசிவரை இருந்தது. அந்த வருத்தம் நியாயமானது. தன் வரைகோடு இன்னொருவரின் கோட்டுக்குள் புதைவதை எந்த ஓவியனும் விரும்ப மாட்டான். சொல்லப்போனால், உதவியாளரே வேண்டாம் என்றிருந்த அல்காலாவுக்கும் இது புரிந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கங்களின் பலமே இந்த இழுபறிதான் என்பேன். புஸ்ஸெமா கொடுத்தது வேகம். அல்காலா அந்த வேகத்துக்கு நிற்க ஒரு நிலத்தைக் கொடுத்தார். புழுதியும் துருவும் பாசியும் ஏறிய பிறகுதான் அது ஆட்கள் வாழ்ந்து அழிந்த ஊராகிறது. பென்சிலுக்கு அடங்கிப்போகும் ஒருவர் மை போட்டிருந்தால் நல்ல படங்கள் கிடைத்திருக்கும். இந்த உலகம் கிடைத்திருக்காது.

1976இல் அல்காலா அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்தார். ஸ்டார் வார்ஸ் நாளிதழ்த் தொடர், டான் நியூட்டன் வரைந்த பேட்மேன், ஸ்வாம்ப் திங் என்று வேலை ஓயவில்லை. இந்த முறை அவர் மை போட்டது பேட்மேனின் கோத்தம் நகர இரவுக்கும் ஸ்வாம்ப் திங் வாழும் லூசியானாவின் சேற்றுக்கும். 2000 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் இறந்தார்.

அட்டைகளின் பயணம் அதோடு முடியவில்லை. அச்சான பிறகு அசல் பக்கங்களைக் கிழித்தோ தூக்கியெறிந்தோ விடுவது அமெரிக்கப் பதிப்பகங்களின் பழைய வழக்கம். 1970களின் நடுவில் அது மாறி, பக்கங்களை ஓவியர்களுக்கே திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பென்சில் போட்டவருக்குச் சில பக்கம், மை போட்டவருக்குச் சில பக்கம் என்று பங்கு பிரியும். அப்படி ஒரே கதையின் பக்கங்கள் வெவ்வேறு வீடுகளுக்குப் போய், அங்கிருந்து சேகரிப்பாளர்களிடம் விற்பனையாகிச் சிதறின. இன்று கோனன் பக்கம் ஏதாவது ஏலத்துக்கு வந்தால் பட்டியலில் புஸ்ஸெமா, அல்காலா என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள்.